1882ஆம் ஆண்டில் நிற்க என்னென்ன வேண்டும்: கௌபாய் சுடுபோட்டிக்குக் காலப் பொருத்தமான சாதனங்கள்

புதுத்தடம்:
அனைவருக்கும் வணக்கம். டெக்ஸாஸில் எங்கள் பகுதியில் உள்ள கிளப் ஒன்றில், சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி நடக்கும் மாதப் போட்டிகளில் (பழைய மேற்கத்திய உடையில், ரிவால்வர், ரைஃபிள், ஷாட்கன் மூன்றாலும் இரும்புத் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) இரவல் துப்பாக்கிகளைக் கொண்டு கலந்துகொண்டு வருகிறேன். இனிச் சொந்தமாக வாங்க எண்ணியிருக்கிறேன். வேகத்தில் எனக்குப் பெரிய நாட்டம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அமெரிக்க மேற்கில் வாழ்ந்த ஒருவர் உண்மையில் எதை உடுத்தி, எதை இடுப்பில் கட்டி, எதைக் கையில் எடுத்திருப்பாரோ அதற்கு இயன்றவரை நெருங்கி நிற்க வேண்டும் என்பதே ஆசை. ஆகவே கிளாசிக் கௌபாய் பிரிவைக் குறிவைத்திருக்கிறேன்.

என் மனத்தில் உள்ள பட்டியல் இது: .45 கோல்ட் தோட்டாவுக்கான 1873 கோல்ட் பிரதி ரிவால்வர்கள் இரண்டு, அதே தோட்டாவைச் சுடும் 1873 வின்செஸ்டர் பிரதி, வின்செஸ்டர் 1897 பம்ப் ஷாட்கன், பெல்ட்டில் வெட்டிய துளையிலிருந்து தாழத் தொங்கும் இரட்டை ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), முத்துப் பொத்தான் அழுத்துச் சட்டை, ஜீன்ஸ், இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்த தொப்பி. பணம் செலவழிக்கும் முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

கரும்புகை:
வாருங்கள், நண்பரே. உங்கள் பட்டியலில் உள்ளவை தனித்தனியே குறை சொல்ல முடியாதவை. ஆனால் அவை அனைத்தும் ஒரே மனிதரின் உடம்பில் ஒரே நாளில் கூடியிருக்க முடியாது. நான் பல காலமாகக் கைக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: உங்கள் மேலும் கையிலும் உள்ள பொருள்களுள் எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ, அதன் ஆண்டே உங்கள் ஆண்டு. ரிவால்வரும் ரைஃபிளும் 1873ஐச் சேர்ந்தவை என்றாலும், பம்ப் ஷாட்கனைத் தோளில் வைத்த கணமே நீங்கள் 1897க்கு வந்துவிடுகிறீர்கள். அழுத்துப் பொத்தான் சட்டை உங்களை 1940களுக்கு இழுத்துச் செல்லும். தாழத் தொங்கும் அந்த ஹோல்ஸ்டரோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்ஸாஸில் உருவாகி, பிறகு ஹாலிவுட்டால் ஊரறிந்தது.

ஆகவே துப்பாக்கிக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து ஆண்டு, இடம், பிழைப்பு ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். ‘கௌபாய்’ என்று மட்டும் எழுதினால் போதாது. 1870இல் டெக்ஸாஸிலிருந்து கேன்சஸுக்கு மந்தை ஓட்டியவரும், 1895இல் மான்டானாவில் பண்ணை வேலை பார்த்தவரும் தொப்பியிலிருந்து காலணி வரை வேறுபட்டவர்கள். மந்தை ஓட்டியவர்களில் கறுப்பினத்தவர்களும் மெக்சிகர்களும் கணிசமான பங்கினர் என்பதால், நம் முகம் அந்தப் படத்துக்குள் பொருந்துமா என்ற கவலையும் வேண்டாம். பிழைப்பைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

அந்தப் பிழைப்பில் ஷாட்கனுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாட்டுக்காரரின் சேணத்தில் ஷாட்கன் இருந்ததைவிட, பணப்பெட்டி ஏற்றிய பயண வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காவலரிடம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் காவலர்கள் இரட்டைக்குழல் ஷாட்கனுக்குப் பெயர்போனவர்கள். 1881 மார்ச் மாதம் அரிசோனாவின் டூம்ஸ்டோனிலிருந்து பென்சனுக்குப் போன வண்டியைக் கொள்ளையர் மறித்தபோது அதில் காவலுக்கு இருந்த பாப் பால் அப்படிப்பட்டவரே. போட்டி கேட்கும் மூன்று வகைத் துப்பாக்கிகளும் இயல்பாகக் கூடும் பிழைப்பு இதைப் போல வேறில்லை என்பது என் எண்ணம்.

இடுப்பில் இரண்டு ரிவால்வர் என்பது மட்டும் விளையாட்டு நம் மீது சுமத்தும் பொய். ஒன்றைக்கூடக் கட்டாமல் வேலைக்குப் போனவர்கள் அக்காலத்தில் ஏராளம். பல நகரங்கள் ஊருக்குள் ஆயுதம் கொண்டு திரிவதையே தடுத்திருந்தன. டூம்ஸ்டோனில் 1881 ஏப்ரலில் இயற்றப்பட்ட 9ஆம் எண் நகரச் சட்டம் அத்தகையது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஓ.கே. கொரால் அருகே நடந்த சண்டை மூண்டதே அந்தச் சட்டத்தின் பேரில் நகரக் காவலர்கள் ஆயுதங்களைப் பறிக்கப் போனதால்தான். இந்தப் பொய்யை நாம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மற்றவற்றை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இரும்புத்தட்டு:
கரும்புகை ஐயாவின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இருப்பினும் புதியவரை முதல் நாளே அருங்காட்சியகக் காப்பாளராக்கி விடுவதை நான் ஏற்கவில்லை. இந்த விளையாட்டு 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில், பழைய மேற்கத்தியப் படங்களின் மீது காதல் கொண்டவர்கள் தொடங்கியது. முதல் ‘எண்ட் ஆஃப் டிரெயில்’ போட்டி 1982இல் நடந்தது. அதாவது, இதன் வேர் வரலாற்றில் பாதி, திரைப்படத்தில் பாதி. திரைப்பட உடையை விரும்புவோருக்காகவே பி-வெஸ்டர்ன் என்ற பிரிவை விதிப்புத்தகம் வைத்திருக்கிறது.

அடுத்து, இது நேரத்தை அளக்கும் போட்டி. ஒரு தட்டைத் தவறவிட்டால் 5 விநாடி கூடும்; சுடும் வரிசை பிசகினால் 10 விநாடி கூடும். முன்னணியில் இருப்பவர்கள் இரண்டு ரிவால்வர், ரைஃபிள், ஷாட்கன் அனைத்தையும் 20 விநாடிக்குள் சுட்டு முடிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் .38 ஸ்பெஷல் தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனெனில் அதன் உதை குறைவு, விலை குறைவு, கிடைப்பதும் எளிது. ரைஃபிளின் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் உள்ளுறுப்புகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 1873 வின்செஸ்டராகவே தெரியும். இதில் யாருக்கு என்ன இழப்பு?

கரும்புகை:
இழப்பு ஒன்றும் இல்லை, நண்பரே. உங்கள் பிரிவில் நீங்கள் செய்வது முழுக்கச் சரி. கேட்டவர் வேகம் வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

மேலும், அவர் கேட்ட பிரிவின் விதியே அவரைப் பாதி வழி கொண்டுவந்து விடுகிறது. கிளாசிக் கௌபாய் பிரிவில் ரிவால்வரும் ரைஃபிளும் .40 காலிபருக்கு (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) குறையாதிருக்க வேண்டும். ரிவால்வரை ஒற்றைக் கையால் சுட வேண்டும். ஷாட்கன் வெளியே தெரியும் ஹேமர்கள் (சுத்தியல்கள்) கொண்ட இரட்டைக்குழலாகவோ 1887 லீவர் வகையாகவோ இருக்க வேண்டும். ஆகவே .38 ஸ்பெஷலுக்கும் 1897 பம்ப் ஷாட்கனுக்கும் அங்கே இடமே இல்லை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்புக் கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடக் கண்டிப்பு வேண்டுமானால் நேஷனல் காங்கிரஸ் ஆஃப் ஓல்ட் வெஸ்ட் ஷூட்டிஸ்ட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. துப்பாக்கி, உடை, தோல் சாமான் அனைத்திலும் காலப் பொருத்தத்தை அவர்கள் முதன்மையாகக் கருதுகிறார்கள்.

தோற்பட்டறை:
ஹோல்ஸ்டர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஹோல்ஸ்டர்களை மூன்று தலைமுறையாகப் பார்க்கலாம். கலிஃபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில், 1850களில் வந்தது ஒடுக்கமான உறை. ரிவால்வரின் வடிவத்தை ஒட்டியே வெட்டித் தைக்கப்பட்டது. இன்று ‘ஸ்லிம் ஜிம்’ என்கிறார்கள். பின்புறம் தைத்த ஒரு வாரின் வழியாக அது இடைவாரில் ஏறும். அந்த இடைவார் அகலம் குறைந்தது, ஏனெனில் அப்போது உலோகத் தோட்டா பரவலாகவில்லை, பெல்ட்டில் தோட்டா வளையங்களும் இல்லை. 1870களில் தோட்டா வளையங்கள் தைத்த அகலமான பெல்ட் பரவியதும் பழைய உறையின் சிறிய வாருக்குள் அது நுழையவில்லை. அதற்குக் கிடைத்த விடைதான் ‘மெக்சிகன் லூப்’: ஒரே தோல் துண்டை வெட்டி, உறையைத் தைத்து, மிச்சத்தைப் பின்புறம் பாவாடைபோல மடித்து இறக்கி, அதில் வெட்டிய கீற்றுகளுக்குள் உறையையே செருகிவிடுவார்கள். தனி வார் எதுவும் இல்லாததால் எவ்வளவு அகலமான பெல்ட்டும் அதன் மடிப்புக்குள் போகும். வயோமிங்கின் செயென் நகரத்தில் மீனியா போன்ற சேணக்காரர்கள் செய்த உறைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. மூன்றாவது தலைமுறை, அதாவது பெல்ட்டில் துளையிட்டு உறையைத் தாழத் தொங்கவிடுவது, நமக்குத் தேவையான காலத்தில் இல்லை. உள்ளே உலோகத் தகடு வைத்துத் தைத்த வேக உறை 1950களின் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரியது.

ஆகவே 1880க்கு மேல் எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் மெக்சிகன் லூப் உறையையே வாங்குங்கள். அது இடுப்பில் உயரமாக உட்கார வேண்டும். துப்பாக்கியின் பிடி இடுப்பெலும்புக்கு மேலே நிற்கும். தொடையில் கட்டும் கயிறு இருக்காது. முதலில் கைக்கு ஒவ்வாததுபோல் தோன்றும். குதிரை மேலோ வண்டி இருக்கையிலோ உட்கார்ந்து பார்த்தால் அது ஏன் அப்படி இருந்தது என்பது விளங்கிவிடும்.

தோலைப் பொறுத்தவரை மரப்பட்டையில் பதனிட்டதே வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக், ஹெம்லாக் மரப்பட்டைகள் செய்தன. குரோம் உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றதே 1884இல்தான். இன்றைய போட்டி உறைகள் இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்தவை என்பதால் மரக்கட்டைபோல விறைத்து நிற்கும். அக்காலத்தவை பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. தையல், மெழுகு பூசிய லினன் நூல். நைலான் நூலின் பளபளப்பு தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று: பட்டையில் பதனிட்ட தோலின் அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பை உண்டாக்கும். போட்டி முடிந்ததும் தோட்டாக்களை வளையங்களில் விட்டுவைக்காதீர்கள். அமெரிக்கப் படையினருக்கும் இதே தொல்லை இருந்தது. ஆன்சன் மில்ஸ் வடிவமைத்த, துணியால் நெய்த தோட்டா பெல்ட் படையில் இடம்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

புதுத்தடம்:
மிக்க நன்றி, ஐயா. கரும்புகை ஐயா சொன்ன வண்டிக் காவலர் பிழைப்பு மனத்துக்குப் பிடித்துவிட்டது. அரிசோனாப் பிரதேசம், 1882 என்று எழுதிக்கொண்டேன். ஷாட்கன், ஹோல்ஸ்டர் இரண்டும் தெளிவாகிவிட்டன. ஆனால் .45 கோல்ட் பற்றி யாரும் குறிப்பாக எழுதவில்லை. அது 1873இலேயே வந்த தோட்டா அல்லவா? அதில் என்ன பிழை?

கரும்புகை:
ரிவால்வரில் பிழையே இல்லை, ரைஃபிளில்தான் பிழை. வின்செஸ்டர் தன் 1873 ரைஃபிளை .44-40 தோட்டாவுக்கு வெளியிட்டது, பிறகு.38-40, .32-20 ஆகியவற்றையும் சேர்த்தது. .45 கோல்ட்டுக்கு அந்த நிறுவனம் அக்காலத்தில் அந்த ரைஃபிளைச் செய்ததே இல்லை. இன்று கிடைக்கும் .45 கோல்ட் லீவர் ரைஃபிள்கள் எல்லாம் இத்தாலியில் வால் டிரோம்பியாப் பள்ளத்தாக்கின் உபெர்ட்டி போன்ற பிரதி உற்பத்தியாளர்கள் நம் காலத்து வாடிக்கையாளர்களின் வசதிக்காகச் செய்தவை. என் விதிப்படி அந்த ரைஃபிளை எடுத்தால் உங்கள் ஆண்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆகிவிடும்.

காரணம் தோட்டாவின் உடலமைப்பில் இருக்கிறது. கோல்ட் ரிவால்வரில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை ஒரு கம்பியால் உள்ளிருந்து தள்ளி வெளியேற்றுகிறோம். ஆகவே கூட்டின் அடிவிளிம்பு சிலிண்டருக்குள் விழாமல் நிறுத்தினால் போதும், பழைய.45 கூட்டில் அந்த விளிம்பு மிகச் சிறியது. லீவர் ரைஃபிளோ கூட்டை விளிம்பில் கொக்கியிட்டு இழுக்கிறது. பிடிக்கப் போதிய விளிம்பு இல்லாத கூட்டை நம்பி எந்த உற்பத்தியாளரும் ரைஃபிள் செய்யமாட்டார். இன்றைய .45 கூடுகளின் விளிம்பு பெரிது, அதை ஒட்டிப் பள்ளமும் உண்டு. அதனால்தான் இன்றைய ரைஃபிள்கள் ஓடுகின்றன.

இரண்டாவது காரணம் கருமருந்தில் (அக்காலத்துப் புகை மிகுந்த வெடிமருந்து) சுடுவோருக்கு மட்டும் விளங்கும். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக் கசடாக மிஞ்சுகிறது. .44-40 கூட்டின் கழுத்து சற்றே ஒடுங்கியது, சுவரும் மெல்லியது. குறைந்த அழுத்தத்திலும் அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்வதால், புகையும் கசடும் குழல் வழியே வெளியேறிவிடும். .45 கூடு நேரானது, சுவர் தடித்தது. மென்மையான போட்டித் தோட்டாவில் அது முழுதாக விரியாது. கசடு பின்னோக்கி வந்து லீவரின் மூட்டுகளில் படிந்து, சில சுற்றுகளிலேயே ரைஃபிள் கனக்கத் தொடங்கும். நாள் முழுவதும் .44-40 தோட்டாவில் கருமருந்து சுட்ட ரைஃபிளைத் திறந்து பாருங்கள், உள்ளே ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்கும்.

ஆகவே இரண்டு ரிவால்வர்களையும் ரைஃபிளையும் .44-40இலேயே வாங்குங்கள். கோல்ட் நிறுவனம் 1870களின் பிற்பகுதியிலேயே தன் ரிவால்வரை இந்தத் தோட்டாவுக்கு ‘ஃப்ராண்டியர் சிக்ஸ் ஷூட்டர்’ என்ற பெயரில் வெளியிட்டது. கையிலும் இடுப்பிலும் ஒரே தோட்டா என்ற வசதி அக்கால மனிதருக்கே பெரிதாகப் பட்டது. 40 கிரெயின் (ஒரு சிறு எடையளவு) கருமருந்து, 200 கிரெயின் ஈயக்குண்டு என்பது அதன் பழைய அளவு. தோட்டாவின் பெயரில் உள்ள 40 அந்த மருந்தின் அளவுதான். போட்டிக்கு அதைவிடக் குறைவாக இடுவோரே அதிகம்.

ரிவால்வர் வாங்கும்போது அதன் சட்டத்தின் (ஃபிரேமின்) முன்பக்கத்தைப் பாருங்கள். சிலிண்டர் அச்சைப் பிடித்திருப்பது முன்னாலிருந்து சாய்வாக ஏறும் ஒரு திருகு என்றால் அது பழைய அமைப்பு. பக்கவாட்டில் அழுத்தும் வில்தாழ் என்றால் அது 1890களின் அமைப்பு. பிரதி செய்வோர் இரண்டையும் விற்கிறார்கள், விலையில் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் ஆண்டுக்குத் திருகுதான் சரி. பிடி, ஒரே துண்டு வால்நட் மரமாக இருக்கட்டும். கழுகுச் சின்னம் பொறித்த கெட்டி ரப்பர் பிடியும் 1880களின் தொடக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் மரத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நிக்கல் பூச்சைத் திரைப்பட அலங்காரம் என்று ஒதுக்க வேண்டாம். அக்காலத்தில் அது மிகவும் விரும்பப்பட்ட பூச்சு.

இரும்புத்தட்டு:
இங்கே ஒரு குறுக்கீடு செய்ய வேண்டியிருக்கிறது. .44-40 கூட்டின் மெல்லிய கழுத்தைப் புகழ்ந்தவர், வீட்டில் தோட்டா மீள்நிரப்பும் புதியவருக்கு அதே கழுத்து தரும் தொல்லையைச் சொல்லவில்லை. கூட்டை மீண்டும் வடிவுக்குக் கொண்டுவரும் அச்சான டை சற்றே விலகினாலும் கழுத்து நசுங்கிவிடும். .45 கூட்டுக்குக் கார்பைடு டை இருப்பதால் எண்ணெய் தடவாமலே அமுக்கலாம்; .44-40க்கு ஒவ்வொரு கூட்டிலும் மசகு தடவி, பிறகு துடைக்க வேண்டும். பழைய வின்செஸ்டர்களின் குழல் பெரும்பாலும் .427 அங்குலம், இன்றைய பிரதிகள் பலவற்றின் குழல்.429. உங்கள் குழலை அளந்து பார்க்காமல் குண்டு வாங்காதீர்கள். கடையில் .44-40 தோட்டா எளிதில் கிடைப்பதும் இல்லை, கிடைத்தாலும் விலை அதிகம். காலப் பொருத்தத்துக்கு இந்த விலையையும் வேலையையும் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

கரும்புகை:
இதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். பொறுமையாக இயக்கும், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை நிலை அழுத்தி ஒன்றைக் கொண்டு தொடங்கினால் கூடுகள் நசுங்குவது குறையும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். மசகாகத் தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும் கலந்த பழைய கலவையையே குண்டுக்குப் பூசுங்கள். பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தின் கசடோடு சேர்ந்தால் தார்போல இறுகிவிடும். கழுவுவதற்கு வெந்நீரே சிறந்த மருந்து. அந்தக் கசடில் இருக்கும் உப்புகள் நீரில் கரைபவை; ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்பவையும் அவைதாம். ஆகவே அன்றிரவே கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுவிட வேண்டும்.

ஊசிநூல்:
துப்பாக்கிக்கு இவ்வளவு நுணுக்கம் பார்த்துவிட்டு உடையை ‘ஜீன்ஸ், தொப்பி’ என்று இரண்டு சொல்லில் முடிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று வருத்தம்தான். பத்து அடி தூரத்தில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது உடை; ரிவால்வரின் திருகு அல்ல.

கால்சட்டையிலிருந்து தொடங்குகிறேன். இடைவார் கோக்கும் வளையங்கள் கூடாது. அக்காலக் கால்சட்டை இடுப்புக்கு மேலே, தொப்புள் உயரத்தில் நின்றது; அதைத் தாங்கியது தோள்வழியே போகும் பட்டி; பின்புறம் இறுக்க ஒரு சிறு பட்டையும் கொக்கியும் இருக்கும். முன்புறம் பொத்தான், ஜிப் கிடையாது. லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் செப்பு ஆணி அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றது 1873 மே 20 அன்று என்பதால் டெனிம் உங்கள் ஆண்டுக்கு ஒவ்வாதது அல்ல. ஆனால் அந்தக் கால்சட்டைக்குப் பின்புறம் ஒரே பைதான். இரண்டாவது பை 1901இலும், இடைவார் வளையம் 1922இலும் வந்தன. கடையில் வாங்கிய ஜீன்ஸின் வளையங்களைப் பிரித்தெடுத்துப் பொத்தான் தைத்துக்கொள்வது முதல் ஆண்டுக்குப் போதும். வண்டிக் காவலருக்குக் கோடு போட்ட கம்பளித் துணியில் தைத்த கால்சட்டை இன்னும் பொருத்தம். அரிசோனா வெயிலில் கம்பளியா என்று கேட்பீர்கள். மெல்லிய நெசவுக் கம்பளி வியர்வையை உறிஞ்சி உலர்த்தும். செயற்கை இழை கலந்த துணியில் நின்றால்தான் புழுங்கும்.

சட்டையைத் தலைவழியே போட்டுக்கொள்ள வேண்டும். பொத்தான் மார்பின் நடுவரை வந்து நின்றுவிடும். கழுத்துப் பட்டை தனியே கழற்றி மாட்டுவது. வேலை நேரத்தில் அது இல்லாமலே இருப்பார்கள். சட்டையில் பை இருப்பது அரிது. புகையிலை, கடிகாரம், தீக்குச்சி எல்லாம் வெயிஸ்ட்கோட்டின் பைகளில்தான் இருந்தன. அதனாலேயே அக்காலப் படங்களில் மேலங்கி இல்லாதவரும் வெயிஸ்ட்கோட் அணிந்திருக்கிறார். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள்.

தொப்பிக்கு வருகிறேன். ஜான் ஸ்டெட்சன் பிலடெல்பியாவில் 1865இல் விற்கத் தொடங்கிய ‘பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ்’, உச்சி உருண்டும் விளிம்பு தட்டையாகவும் இருந்தது. மழையிலும் கைபட்டும் அது நெளிந்து மடிந்தது உண்மை; ஆனால் ஆலையிலேயே இருபுறமும் சுருட்டி வளைத்த விளிம்பு நமக்குப் பல பத்தாண்டுகள் பிந்தையது. மடிப்பு இல்லாத தொப்பியை வாங்கி, நீராவியில் காட்டி நீங்களே சற்று நெளித்துக்கொள்ளலாம். நகரத்து மனிதர்கள் பலர் உருண்டையான பௌலர் தொப்பியையே அணிந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வண்டிக் காவலருக்கு அதுவும் பொருந்தும்; ஆனால் போட்டிக் களத்தில் அதை அணிய ஒருவருக்கும் துணிவு வருவதில்லை.

நீண்ட ‘டஸ்டர்’ அங்கி வேண்டுமென்றால் மெல்லிய லினனில், புழுதிக்குப் போர்த்துவதாக இருக்கட்டும். கணுக்கால் வரை தொங்கும் கனத்த கான்வாஸ் அங்கியைத் திரைப்படத்துக்கு விட்டுவிடுங்கள். பூட்ஸில் தோல் அடிப்பாகமும் மர ஆணியும் இருந்தால் சிறப்பு. சரளைக் கல்லில் வழுக்கும் என்று அஞ்சினால் மெல்லிய ரப்பர் அட்டை ஒட்டிக்கொள்வதில் குற்றமில்லை.

பெண்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு சொல்: பாவாடையில் சுட முடியாது என்று நினைக்க வேண்டாம். குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லி 1885இல் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவில் சேர்ந்தபின், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையும் காலுறையும் அணிந்தே உலகம் சுற்றினார். அந்த உடைகளைத் தாமே தைத்தார். நான் என் உடைகளுக்கு அவர் படங்களையே மாதிரியாக வைத்திருக்கிறேன்.

புதுத்தடம்:
அம்மா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இப்படிப்பட்ட விவரங்களை நானே சரிபார்க்க வேண்டுமானால் எங்கே பார்ப்பது? பழைய புகைப்படங்களை நம்பலாமா?

தோற்பட்டறை:
நம்பலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகளோடு. முதலாவது, படப்பிடிப்பு நிலையங்களில் ரிவால்வரும் கத்தியும் அலங்காரத்துக்கென்றே வைத்திருப்பார்கள். மந்தை ஓட்டி முடித்துக் கூலி வாங்கிய இளைஞர் அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டு படமெடுத்து ஊருக்கு அனுப்புவார். இரண்டாவது, டின்டைப் எனப்படும் தகட்டுப் படங்கள் இடவலம் மாறித் தெரியும். சட்டத்துக்குப் புறம்பாக வாழ்ந்த பில்லி த கிட்டின் புகழ்பெற்ற படம் அத்தகையது. அதைப் பார்த்தே அவர் இடக்கைக்காரர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவர் கையில் உள்ள 1873 வின்செஸ்டரில் தோட்டா நுழைக்கும் வாயில் இடப்பக்கம் தெரிகிறது. உண்மையான ரைஃபிளில் அது வலப்பக்கம் மட்டுமே உண்டு. ஆகவே படத்தைத் திருப்பிப் பார்த்தால் ரிவால்வர் அவருடைய வலது இடுப்புக்கு வந்துவிடும். எந்த டின்டைப்பையும் பார்த்து ஹோல்ஸ்டர் செய்யுமுன் வெயிஸ்ட்கோட்டின் பொத்தான்கள் எந்தப் பக்கம் மூடுகின்றன என்று பாருங்கள்.

தொழிற்களத்திலும் தெருவிலும் எடுத்த படங்கள் நிலையப் படங்களைவிட மேல். அஞ்சல்வழி வணிகத்தைத் தொடங்கிய மாண்ட்கொமரி வார்டு, பின்னர் வந்த சியர்ஸ் ஆகியவற்றின் 1890களின் விலைப்பட்டியல்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. பொருளும் விலையும் படமும் உண்டு, ஆனால் உங்கள் 1882க்கு அவை சற்றுப் பிந்தியவை. மிசூரி ஆற்றில் 1865 ஏப்ரலில் மூழ்கி 1968இல் கண்டெடுக்கப்பட்ட ‘பெர்ட்ரண்ட்’ நீராவிப் படகின் சரக்கு இன்னொரு புதையல். மான்டானாச் சுரங்க ஊர்களுக்குப் போகவிருந்த உடைகளும் காலணிகளும் கருவிகளும் இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

சட்டப்புள்ளி:
பேச்சு சுவையாகப் போகிறது. இடையில் ஒரு வறண்ட செய்தி. எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. இரவல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1898 முடிய உற்பத்தியான அசல் துப்பாக்கிகள் கூட்டாட்சிச் சட்டத்தில் ‘பழம்பொருள்’ வகையைச் சேர்ந்தவை, ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும். வழக்குரைஞர் ஒருவரைக் கேட்டுவிட்டே செயல்படுங்கள்.

புதுத்தடம்:
நன்றி, ஐயா. எனக்குக் கிரீன் கார்டு வந்தபின்பே இதில் இறங்கினேன். நீங்கள் பழம்பொருள் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன்: அசல் கோல்ட் ஒன்று விலைக்கு வந்தால் அதைக் கொண்டே போட்டியில் சுடலாமா?

கரும்புகை:
விதி தடுக்காது, நான் தடுப்பேன். தன் ரிவால்வர் புகையற்ற மருந்தைத் தாங்கும் என்று கோல்ட் நிறுவனமே உறுதியளித்தது 1900 அளவில்தான். 1882இல் செய்யப்பட்ட சிலிண்டர் கருமருந்தின் அழுத்தத்துக்கு மட்டும் ஆனது. அதற்குள் இத்தனை ஆண்டுத் துருவும் தேய்மானமும் சேர்ந்திருக்கும். அதை வாங்கினால் சுவரில் வையுங்கள். பிரதியைச் சுடுங்கள்.

புதுத்தடம்:
அப்படியே செய்கிறேன். திருத்திய பட்டியல்: அரிசோனாப் பிரதேசம், 1882, வண்டிக் காவலர்; .44-40இல் திருகு வைத்த சட்டமும் வால்நட் பிடியும் கொண்ட ரிவால்வர்கள் இரண்டு. அதே தோட்டாவில் 1873 ரைஃபிள். ஹேமர் வெளியே தெரியும் 12 காஜ் (ஷாட்கன் குழலின் அளவு) இரட்டைக்குழல். ஒற்றை அடுக்குத் தோலில் மெக்சிகன் லூப் உறைகள். கம்பளிக் கால்சட்டை, தோள்பட்டி, வெயிஸ்ட்கோட், தட்டை விளிம்புத் தொப்பி. ஷாட்கன் தோட்டாக்களை எதில் வைத்துக்கொள்வது என்பது மட்டும் பாக்கி. களத்தில் எல்லாரும் இரண்டிரண்டாகச் செருகும் அகலப் பெல்ட் கட்டியிருக்கிறார்கள்.

தோற்பட்டறை:
அந்த இரட்டைச் செருகல் பெல்ட் இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தது. ஒற்றை வளையங்கள் தைத்த பெல்ட்டைக் கட்டுங்கள். ஒவ்வொன்றாக எடுக்க நேரமாகும், நீங்கள்தான் வேகம் வேண்டாம் என்றவர். அதில் பிளாஸ்டிக் தோட்டாக்கள் வரிசையாக நின்றால் கரும்புகை ஐயாவின் விதிப்படி உங்கள் ஆண்டு 1960 ஆகிவிடும், ஏனென்றால் ரெமிங்டன் பிளாஸ்டிக் கூடுகளை வெளியிட்டது அப்போதுதான். முழுப் பித்தளைக் கூடுகள் 12 காஜ் அளவில் விற்கின்றன. கருமருந்தின் சூடு பிளாஸ்டிக்கை உருக்கும், பித்தளையை ஒன்றும் செய்யாது. வழவழப்பாக இருப்பதால் குழலிலிருந்து உதறினாலே விழுந்துவிடும்.

கண்ணாடியும் காதடைப்பும் மட்டும் எந்த ஆண்டுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சிறிய வட்டச் சட்டத்தில் பாலிகார்பனேட் வில்லை போட்டுக்கொள்ளுங்கள். இரும்புத் தட்டிலிருந்து தெறிக்கும் ஈயத் துணுக்கு பக்கவாட்டிலும் வரும் என்பதால் பக்கக் காப்பும் இருக்க வேண்டும்.

பெல்ட் செய்யச் சொல்லும்போது இடுப்பளவைக் கால்சட்டை அளவிலிருந்து எடுத்துச் சொல்லாதீர்கள். கம்பளிக் கால்சட்டை, சட்டை, வெயிஸ்ட்கோட் எல்லாம் அணிந்து, பெல்ட் உட்காரும் இடத்தில் நாடாவால் அளந்து, அந்த அளவு நடுத்துளையில் வரும்படி கேளுங்கள். உறைகள் ஏறினால் மேலும் இரண்டு அங்குலம் வரை தேவைப்படும். புது வளையங்கள் இறுக்கமாகத்தான் இருக்கும். மருந்தும் கேப்பும் இல்லாத வெற்றுத் தோட்டாக்களை ஒரு வாரம் செருகி வைத்தால் தோல் அளவுக்கு வந்துவிடும், பிறகு எடுத்துக் களிம்பைத் துடைத்துவிடுங்கள்.